ஒரே வண்டியில் ஐந்து கட்சி

முதல் நாள்: தொரப்பள்ளி

சேலத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பித் தொப்பூர் கணவாய் ஏறுவதற்குள் வண்டியில் முதல் சண்டை வந்துவிட்டது. அரசியல் இல்லை, ஏசி போடுவதா ஜன்னலைத் திறப்பதா என்று. ஏசி ஜெயித்தது.

யார் யார் வருகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழப்பம் வரும். தோழர் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர், சங்கத்துக்காரர், மார்க்சிஸ்ட். அவர் மனைவி டீச்சர், உதயசூரியன் தவிர வேறு பொத்தானைத் தொட மனசு வராது என்பார், தொகுதியைக் கூட்டணிக்கு விட்டுக்கொடுத்த வருடங்களில் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அரிவாள் சுத்தியலில் குத்துவாராம், அதைத் தோழர் எதிரிலேயே சொல்வார். அண்ணாச்சி விருதுநகர்க்காரர், பரம்பரைக் காங்கிரஸ், கதர்ச் சட்டை. ஓசூரில் ஏறிக்கொள்ளப் போகிறவர் என் மச்சான், லேத் பட்டறை வைத்திருக்கிறார், தாமரை. டிரைவர் தம்பிக்கு எடப்பாடி பக்கம் ஊர், சட்டைப் பையில் எம்.ஜி.ஆர். படம், ஆக இரட்டை இலையும் வந்தாயிற்று. நான் ஒவ்வொரு தேர்தலிலும் சின்னம் தேடுகிறவன், அதனால் இந்த வண்டியில் எனக்கு மரியாதை கொஞ்சம் கம்மி.

அநேகமாகத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்சியும் எல்லாக் கட்சியோடும் எப்போதாவது கூட்டணி வைத்தாயிற்று, நாம் ஒரு வண்டியில் உட்கார முடியாதா என்று அண்ணாச்சி கேட்டதில் கிளம்பியதுதான் இந்தப் பயணம். பார்க்கப் போவதும் அதற்கேற்ற இடங்கள்தான்: ஒருவரை ஒருவர் மேடையில் கிழித்துத் தொங்கவிட்டு, நேரில் பார்த்தால் எழுந்து நின்ற பெரிய மனிதர்களின் வீடுகள்.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில் நின்றோம். சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் "இங்கு அரசியல் பேசக் கூடாது". அதற்கு நேர் கீழே பெஞ்சில் தினத்தந்தி, தினமலர், முரசொலி, மூன்றும் பக்கம் பக்கமாகக் கழன்று யாருடைய முழங்காலிலோ கிடந்தன. படிக்கலாம், பேசக் கூடாது போல. டீச்சர் சும்மா இருப்பாரா, கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேவிட்டார். அவர் சர்க்கரை போட்டுக்கொண்டே, "பேசினா எனக்கு என்னம்மா, ஒரு டீய வாங்கிட்டு ரெண்டு மணி நேரம் பெஞ்சை விட்டு எந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்றார். ஊர் ஊராக நான் பார்த்த அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஏதோ பெரிய கலவரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில். ராஜாஜி 1878இல் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள், அப்பா அந்த ஊர் முன்சீப். சின்ன வீடு, நிறையப் புகைப்படங்கள். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியர் தவழ்ந்த தரை இது என்று மச்சான் ஆரம்பித்தார், டீச்சர் உடனே, "குலக்கல்வியும் இங்கேருந்துதான் தவழ்ந்துச்சு" என்றார். 1953இல் பள்ளியைப் பாதி நேரமாக்கி மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டம், அதுவே மறு வருடம் அவர் பதவியை விட்டு இறங்கக் காரணமானது. மச்சான், அது பள்ளிக்கூடமும் காசும் பத்தாத காலத்துக்கு ஒரு வழி என்றார். "எங்க அப்பா தறிக்குழியிலேயே உக்காந்திருக்கறதுக்கு வழி" என்று தோழர். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை, காவலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதும் ஒரு காரணம்.

வெளியே வந்ததும் தோழர் ஒரு விஷயம் சொன்னார். 1952இல் முதலமைச்சரானபோது கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி என்று அறிவித்தவர் ராஜாஜி. அதே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் 1967இல் அண்ணாவின் கூட்டணியில் ஒன்றாக நின்றார்கள். "எங்க மூத்த தோழர்கள் இதை எப்படிச் செரிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல" என்றார். மச்சான் அவர் தோளில் கை போட்டு, வாங்க தோழர் சாப்பாட்டையாவது செரிப்போம் என்று வீட்டுக்கு அழைத்துப் போனார்.

இரண்டாம் நாள்: திருச்செங்கோடு வழியாக ஈரோடு

நேற்று எழுதியதை மச்சான் காலையில் படித்துவிட்டு, டீச்சருக்கு மட்டும் நல்ல வசனமாகக் கொடுத்திருக்கிறேன் என்று குறைப்பட்டார். அதனால் இன்று அவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓசூரை விட்டு நெடுஞ்சாலையில் ஏறியதும், "மாப்ளே, இந்த ரோடு யாரு போட்டது?" என்றார். வாஜ்பாய் என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்கான கேள்வி அது. தங்க நாற்கரத் திட்டத்தில் சென்னை பெங்களூர்ப் பகுதி இந்தக் கிருஷ்ணகிரி வழிதான் வருகிறது, கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகிற துண்டு வடக்கு தெற்கு வழித்தடத்தில் சேர்ந்தது. பட்டறையிலிருந்து முடித்த பாகங்களைக் கம்பெனிக்கு அனுப்ப முன்னாலெல்லாம் லாரி எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது, சாலை வந்த பிறகுதான் நேரம் சொல்லி ஆர்டர் பிடிக்க முடிந்தது, நான் தாமரைக்கு ஓட்டுப் போட ஆரம்பித்தது கோயிலுக்காக இல்லை மாப்ளே, இந்தத் தாருக்காக என்றார். இத்தனை வருட உறவில் இதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சந்தித்து, ஏன் அந்தக் கட்சி, ஏன் அந்தக் கட்சி என்று கேட்டுக் கேட்டே அவரைக் கட்சிப் பேச்சாளர் ஆக்கி வைத்திருந்தோம்.

டீச்சர் விடவில்லை. 2004லிருந்து 2009 வரை சாலைத் துறை மந்திரி டி.ஆர். பாலு, இதில் பாதித் தார் எங்கள் தார் என்றார். பாதியா என்று மச்சான் கணக்குக் கேட்டார். அதோடு 1999லிருந்து 2003 வரை வாஜ்பாய் மந்திரிசபையிலேயே திமுக இருந்ததே என்று அண்ணாச்சி எண்ணெய் ஊற்ற, டிரைவர் தம்பி கண்ணாடியைப் பார்த்து, "யாரு போட்டா என்னங்க சார், டோல் கட்டுறது நான்" என்றார். கொஞ்ச நேரம் எல்லோரும் சுங்கச்சாவடியைத் திட்டினோம். ஐந்து கட்சிக்கும் பொதுவான செயல்திட்டம் ஒன்று கிடைத்துவிட்டது.

திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். இதைப் பற்றித்தான் இன்று நிறையச் சொல்ல வேண்டும். ராஜாஜி 1925இல் தொடங்கியது, கதர் வேலை, மதுவிலக்குப் பிரச்சாரம், தீண்டாமை ஒழிப்பு என்று நடந்த இடம். கல்கி இங்கே இருந்துதான் ராஜாஜியின் 'விமோசனம்' பத்திரிகையில் வேலை பார்த்தார். ஆசிரமத்தைத் திறந்து வைத்தது யார் என்று அண்ணாச்சி எல்லோரையும் கேட்டார், மச்சான் காந்தி என்றார், தம்பி நேரு என்றார். திறந்து வைத்தவர் ஈ.வெ. ராமசாமி. அப்போது அவர் காங்கிரஸ்காரர், கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர். அதே 1925 கடைசியில் காஞ்சிபுரம் மாநாட்டில், சாதிவாரியாக இட ஒதுக்கீடு கேட்ட வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு வழி விடவில்லை என்று காங்கிரசை விட்டு வெளியேறினார். வருட ஆரம்பத்தில் நண்பருக்கு ஆசிரமம் திறந்து வைத்தவர், வருடம் முடிவதற்குள் அந்த நண்பரின் கட்சியை ஒழிப்பதே வேலை என்று கிளம்பிவிட்டார்.

இரண்டு பேருக்கும் பழக்கம் அதற்கும் முன்பே. ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவராகவும் பெரியார் ஈரோடு நகரசபைத் தலைவராகவும் இருந்த நாட்களிலிருந்து. ஒருவர் ஆச்சாரியார் என்பார், மற்றவர் நாயக்கர் என்பார். ராஜாஜி முதல் முறை ஆட்சிக்கு வந்து பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்க, 1938இல் பெரியார் அதை எதிர்த்துச் சிறைக்குப் போனார். அப்புறம் பாருங்கள் வேடிக்கையை, 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து ராஜாஜி பேசுகிறார், பெரியார் காமராஜரின் பக்கம் நின்று மாணவர் கிளர்ச்சியைக் கண்டிக்கிறார். இரண்டு பேரும் நாற்காலி மாற்றி உட்கார்ந்துகொண்ட மாதிரி. நடுவில் 1949இல், மணியம்மையைக் கல்யாணம் செய்துகொள்ளும் முடிவை எடுக்கும் முன், திருவண்ணாமலைக்கு வந்த கவர்னர் ஜெனரல் ராஜாஜியைத்தான் பெரியார் தேடிப் போய்ப் பார்த்தார். கட்சிக்குள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்! 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து அழுதார். மறு வருடம் அதே டிசம்பரில் அவரும் போனார்.

இதைச் சொல்லிச் சொல்லியே நாம் இனிப்பாக்கி வைத்திருக்கிறோம் என்று தோழர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அழுத பெரியார் குலக்கல்வியைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறவில்லை. நண்பர்கள் என்றால் பாதி வழியில் சந்தித்துக்கொள்ள வேண்டும் என்று நாம்தான் எதிர்பார்க்கிறோம், அவர்கள் இரண்டு பேரும் தங்கள் இடத்தை விட்டு ஒரு அடி நகராமலேயே ஒருவர் வீட்டை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் போல எல்லோரிடமும் ஆமாம் சாமி போடுகிறவனுக்கு இது கொஞ்சம் உறைத்தது, சரி, அது வேறு கதை.

மூன்றாம் நாள்: ஈரோட்டிலிருந்து விருதுநகர்

ஈரோட்டில் பெரியார் வாழ்ந்த வீடு, இப்போது பெரியார் அண்ணா நினைவகம். அண்ணா இங்கே தங்கிப் பெரியாரின் பத்திரிகைகளில் வேலை பார்த்தார், அதனால் இரண்டு பேர் பெயரும். படங்களைப் பார்த்துக்கொண்டே போனோம். மச்சான் உள்ளே வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார், எல்லாப் படத்துக்குக் கீழேயும் நின்று படித்தார், எதுவும் சொல்லவில்லை.

பேசியது டீச்சர்தான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அது சட்டமாக அறுபது வருடம் ஆனது. கருணாநிதி ஆட்சியில் 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம், அந்த மார்ச் 25ஆம் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. டீச்சருடைய அக்காவுக்கு 1986இல் கல்யாணம், டீச்சருக்கு 1990இல். "அதே அப்பா, அதே ரெண்டு ஏக்கர். அக்காவுக்கு ஒண்ணும் இல்ல, எனக்குப் பங்கு வந்துச்சு. அந்தப் பணத்துல கட்டின வீட்டுலதான் இவரு செங்கொடி ஏத்தறாரு" என்று தோழரைக் காட்டினார். பிறகு தன் பங்கில் அக்காவுக்குப் பாதி எழுதிக் கொடுத்ததைத் தோழர்தான் சொன்னார், டீச்சர் சொல்லவில்லை.

மச்சான் இதற்கு என்ன சொல்வார் என்று பார்த்தேன். "எங்க தங்கச்சிக்கு நாங்க எதுவும் பிரிச்சுக் குடுக்கலியே" என்று என்னைப் பார்த்தார். அந்தத் தங்கச்சி என் மனைவி. வண்டியில் ஏறி ரொம்ப தூரம் நான் வாயைத் திறக்கவில்லை, இதை எழுதலாமா என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், எழுதச் சொன்னாள், அழுத்தியே எழுதச் சொன்னாள்.

கரூர் தாண்டி, நீளமான சலிப்பான சாலை. அங்கேதான் போன் பிரச்சினை வந்தது. கோயில்களை அரசு வைத்திருக்கலாமா என்ற பேச்சு ஆரம்பித்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மச்சான் சட்டென்று போனை எடுத்து யாரோ அனுப்பியதை உரக்க வாசிக்க ஆரம்பித்தார். தோழரும் தன் போனை எடுத்தார். இரண்டு பேரும் எதிரெதிராக வாசித்தார்கள், குரல் கூட அவர்களுடையதாக இல்லை, ஏதோ செய்தி வாசிப்பாளர் குரல். எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழு போன தேர்தலில் செத்ததும் இப்படித்தான், அதில் யாரும் யாரையும் திட்டியதாகவே எனக்கு நினைவில்லை, எங்கேயோ இருக்கிற யாரோ எழுதித் தந்த திட்டை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தோம். தம்பி வண்டியை ஓரம் கட்டி, "யாரு வேணா எது வேணா பேசுங்க சார், போன் மட்டும் பேசக் கூடாது" என்றார். இறங்கி இளநீர் குடித்தோம். அதற்குப் பிறகு போன்கள் எல்லாம் டீச்சரின் கைப்பையில்.

கோயில் விவகாரம் முடியவில்லை, மதுரை வந்துவிட்டது.

நான்காம் நாள்: விருதுநகர், எட்டயபுரம், நாகர்கோவில்

நேற்று ராத்திரி விருதுநகரில் எண்ணெய் பரோட்டா. வட்டக் கல்லின் நடுக்குழியில் எண்ணெய், அதில் பரோட்டா மிதந்து பொரிந்து, மேலே அப்பளம் மாதிரி நொறுங்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். நொறுக்கிப் போட்டுச் சால்னாவை ஊற்றினால் அது ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும், அரசியல் பேச நேரமே கிடையாது. அண்ணாச்சி இலையை மடித்த பிறகுதான் ஆரம்பித்தார்.

1967. விருதுநகர்த் தொகுதியில் காமராஜர், எதிரே திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். அண்ணாச்சியின் தாத்தா காமராஜருக்குத் தெருத் தெருவாக அலைகிறார், அப்பா கல்லூரி மாணவர், இந்தி எதிர்ப்பில் அடி வாங்கியவர், சீனிவாசனுக்கு வேலை பார்க்கிறார். ஒரே வீடு, காலையில் ஒரே சட்டியில் பழைய சோறு. அரிசித் தட்டுப்பாடு, திமுக ரூபாய்க்கு மூன்று படி என்று சொல்கிறது, தாத்தா அப்பாவைப் பார்த்து உன் அண்ணாத்துரை அளந்து போடுவாரா என்பாராம். முடிவு வந்தது, காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். தாத்தா மகனோடு பேச்சை நிறுத்தினார், ஆனால் மாசம் பிறந்தால் கல்லூரிச் செலவுக்குப் பணம் ஆச்சி கை வழியாக வந்துவிடும். "எங்கப்பா அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் காங்கிரசுக்குத்தான் ஓட்டுப் போட்டாரு. கொள்கை எல்லாம் இல்ல. அந்த 1,285ல ஒண்ணு தன்னோடதுன்னு" என்றார்.

காலையில் காமராஜர் வீடு. குறுகலான தெரு, அதைவிடக் குறுகலான வீடு, ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தவரின் அம்மா இதில்தான் கடைசி வரை இருந்தார். 1954இல் முதலமைச்சர் பதவிக்கான போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராஜர் மந்திரியாக்கிக்கொண்டதை அண்ணாச்சி பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு குரல் மாறியது. டீச்சரிடம் திரும்பி, "உங்க மேடையில அவர் நிறத்தை, மூஞ்சியை, படிப்பை எல்லாம் என்னென்ன பேசினாங்கன்னு தெரியும்ல டீச்சர்?" என்றார். அந்தக் காலத்து மேடைகள் ஒன்றும் தங்கம் இல்லை, எல்லாக் கட்சி மேடையிலும் நாற்றம் இருந்தது, ஆனால் அண்ணாச்சி கேட்டது இந்த வீட்டுக்குள் நின்று. டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. "அது அசிங்கம்தான் அண்ணாச்சி. நான் வக்காலத்து வாங்க மாட்டேன்" என்றார். அண்ணாச்சி அதை எதிர்பார்க்கவில்லை போல, அவரே அவசரமாகப் பேச்சை மாற்றினார். 1975 ஆகஸ்டில், நெருக்கடி நிலை நடக்கிறபோது, உடம்பு முடியாத காமராஜர் கருணாநிதி வீட்டுக் கல்யாணத்துக்கு, ஸ்டாலினுடைய கல்யாணத்துக்கு, வந்ததையும், அக்டோபர் 2இல் காமராஜர் இறந்தபோது கருணாநிதி அரசு மரியாதையோடு கிண்டியில் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்திலேயே எரியூட்ட ஏற்பாடு செய்ததையும் சொன்னார். தம்பி பின்னாலிருந்து, "எங்க தலைவரும்தான் சார். திமுகவுல இருக்கும்போதே காமராஜர் பொறந்த நாள் விழாவுல, காமராஜர் என் தலைவர், அண்ணா என் வழிகாட்டின்னு பேசிக் கட்சிக்குள்ள வாங்கிக் கட்டிக்கிட்டாரு" என்றார். அது 1965. தம்பிக்கு எம்.ஜி.ஆர். சம்பந்தப்பட்ட தேதிகள் எல்லாம் மனப்பாடம், மற்றபடி வண்டியின் இன்சூரன்ஸ் தேதி கூடத் தெரியாது.

சாத்தூரில் காராச்சேவு வாங்க நிறுத்தினோம், அண்ணாச்சியின் சொந்தக்காரர் ஒருவர் தீப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறார், அங்கேயும் எட்டிப் பார்த்தோம். கையால் பெட்டி அடைக்கிற பெண்கள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டிக் கணக்குக்குக் கூலி, நிமிர்ந்தால் காசு. ஜிஎஸ்டியில் ஆரம்பத்தில் கையால் செய்ததற்கு 5 சதவீதம், மெஷினில் செய்ததற்கு 18 என்று வைத்து, 2020இல் எல்லாவற்றுக்கும் 12 ஆக்கினார்கள், மெஷின்காரனுக்கு இறங்கியது எனக்கு ஏறியது என்றார் பட்டறைக்காரர். மச்சான் எதிர்ப்பேச்சு எதுவும் பேசவில்லை, லேத்திலும் ஜிஎஸ்டி படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவர்தானே. ஆனால் சீன லைட்டர் பேச்சு வந்ததும் உற்சாகமாகிவிட்டார், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை 2023இல் தடை செய்தது எங்கள் ஆட்சி என்றார். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே எதிரே பெட்டிக்கடைக்குப் போய்ப் பத்து ரூபாய்க்கு ஒரு லைட்டர் வாங்கி வந்து மச்சான் கையில் வைத்தார். அது எப்படி வந்தது, எங்கே செய்தது என்று ஆறு பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எட்டயபுரம் பாரதி மணிமண்டபத்தில் அதிக நேரம் இல்லை. 1947இல் ராஜாஜி திறந்தது. பாரதி எல்லோருக்கும் வேண்டியவர், மச்சானுக்கு வந்தே மாதரம், தோழருக்கு ரஷ்யப் புரட்சி, டீச்சருக்குப் பெண் விடுதலை, அண்ணாச்சிக்கு எல்லாமே காங்கிரஸ். சண்டை போட ஆள் இல்லாத இடத்தில் எங்களுக்கு என்ன வேலை, கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

நாகர்கோவிலில் ஜீவா மணிமண்டபம். தோழருக்காகவே இவ்வளவு தூரம் வந்தது. பூதப்பாண்டியில் பிறந்து, காங்கிரஸ், சுயமரியாதை இயக்கம், கம்யூனிஸ்ட் கட்சி என்று மூன்று வீட்டிலும் இருந்தவர் ஜீவா, எங்கே போனாலும் பழைய வீட்டாரோடு பழக்கத்தை விடவில்லை. தாம்பரம் குடிசைக்கு முதலமைச்சர் காமராஜர் போனதும், இருக்கிற நல்ல வேட்டி காயட்டும் என்று ஜீவா உள்ளேயே இருந்ததும் மேடை தோறும் சொல்லப்படுகிற கதை. தோழர் அதைச் சொல்லவில்லை. சிலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

ராத்திரி கெட்டுப் போனது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நீட். மச்சானின் மகள் நீட் எழுதி அரசுக் கல்லூரியில் மருத்துவம் படிக்கிறாள், அவருக்கு அது தகுதித் தேர்வு, பெட்டியில் பணம் கொண்டுபோய்க் கொடுக்காமல் சீட் கிடைத்த வழி. டீச்சருக்கு அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திய கதவு, பன்னிரண்டாம் வகுப்பில் அள்ளிக்கொண்டு வந்த தன் மாணவி ஒருத்தி இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்றார். அதனால்தானே 2020இல் எடப்பாடியார் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு கொண்டுவந்தார் என்று தம்பி சரியான இடத்தில் நுழைந்தான். பேச்சு அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோழர், "கோச்சிங்குக்கு லட்சக் கணக்குல கட்டினவன் பிள்ளை பாஸாகும், இதுல தகுதி எங்க வந்துச்சு" என்றார். மச்சான் எச்சில் கையோடு எழுந்தார். "என் பொண்ணு ரெண்டு வருஷம் தூங்கல தோழர். அவ உழைப்பைக் காசுன்னு சொல்லாதீங்க." கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. தோழரும் நான் பொதுவாகத்தான் சொன்னேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை எழுதும்போது மணி பதினொன்றரை. பக்கத்துக் கட்டிலில் மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

ஐந்தாம் நாள்: சுசீந்திரம்

ஊருக்குத் திரும்பும் முன் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில்கூடத் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்றிருந்ததை எதிர்த்து 1926இல் சத்தியாகிரகம் நடந்த ஊர், 1936இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கோயில் கதவே திறந்தது. இதை அண்ணாச்சி வண்டியில் சொல்லிக்கொண்டே வந்தார், கேட்க ஆள் இல்லை. மச்சான் முன் சீட்டில், தோழர் கடைசி சீட்டில்.

கோயில் வாசலில் எங்கள் கட்சிகள் எல்லாம் கலைந்தன. டீச்சர் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார், கழகமும் உண்டு, வெள்ளிக்கிழமை விரதமும் உண்டு, இரண்டுக்கும் அவர் யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை. அண்ணாச்சி, தம்பி, நான், மச்சான். இங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். தோழர் வரவில்லை, எந்தக் கோயிலுக்குள்ளும் வரமாட்டார், வாசலுக்கு எதிரே ஒரு திண்ணையில் உட்கார்ந்து எங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லோரும் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றபோது, மச்சான் தன் சட்டை, பர்ஸ், டீச்சரிடமிருந்து வாங்கிய போன் மூன்றையும் கொண்டுபோய்த் தோழர் மடியில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. தோழர் சட்டையை உதறி மடித்து, பர்சை அதற்குள் சொருகி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

பதினெட்டடி ஆஞ்சநேயர், தட்டினால் ஸ்வரம் வரும் தூண்கள், எல்லாம் பார்த்து வெளியே வர முக்கால் மணி நேரம். திண்ணையில் தோழர் முன்னால் எங்கள் செருப்பு போக வேறு ஏழெட்டு ஜோடி செருப்பு வரிசையாக இருந்தது. ஒரு குடும்பம் வந்து தங்கள் ஜோடிகளை எடுத்துக்கொண்டு, அந்த அம்மா தோழர் கையில் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார். அவர் வேண்டாம் என்பதற்குள் அடுத்த ஆள் ஐந்து ரூபாய். மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டே அதைப் பார்த்தார், நேற்று ராத்திரிக்குப் பிறகு முதல் முறையாக வாய் திறந்து, "என்ன தோழர், கோயில் வாசல்லயே உண்டியல் வெச்சுட்டீங்களா?" என்றார்.

"முப்பத்தஞ்சு ரூபா சேர்ந்திருக்கு. கட்சி நிதிக்குப் போகுது."

"ரசீது?"

"ஊருக்குப் போய் அனுப்பறேன். பாப்பா பேர்ல போட்டுடட்டுமா?"

மச்சான் கொஞ்சம் யோசித்தார். பிறகு பர்ஸிலிருந்து பதினைந்து ரூபாய் எடுத்து, ஐம்பதாகப் போடுங்கள் என்றார், டாக்டர் என்று இப்போதே போட வேண்டாம், இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருக்கிறது என்றும் சொன்னார்.